கட்டிலுக்கு அடியில் ஒரு ராஜபாளையம்

செல்லப் பிராணி கேள்வி பதில்

(விருதுநகர் மாவட்டத்தில் அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற நம் டாக்டரம்மா பதில் சொல்கிறார். காப்பகத்திலிருந்து பெரிய நாய்களைத் தத்தெடுத்தவர்களின் கடிதங்கள் நிறைய வந்திருப்பதால் இந்த இதழ் முழுக்க அவைதான்.)

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காப்பகத்திலிருந்து ராஜபாளையம் ஆண் நாயை அழைத்துவந்தோம். மூன்று வயது இருக்கும் என்றார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கிறது, நின்றால் டைனிங் டேபிள் உயரம். வந்த நாளிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நாங்கள் இருந்தால் சாப்பிடுவதில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தட்டு காலியாகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் ஒன்பது வயது மகள் கையை நீட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, நேற்று மெதுவாக உறுமியது. 'இது தேறாது, திருப்பிக் கொடுத்துவிடலாம்' என்கிறார் என் கணவர். மாமியார்தான் 'பாவம், இருக்கட்டும்' என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் ஒன்று தெரியவேண்டும். அவனுக்குக் காது கேட்கிறதா?

பயம், ஒளிந்துகொள்வது, உறுமல் எல்லாம் எதிர்பார்க்கக் கூடியதுதான். 'பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை' என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேட்காதவை உண்டு, அதுவும் கொஞ்சம் தாராளமாகவே. பால் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும்தான் அழகு என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்துச் சேர்த்ததன் விலை இது. தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகை செல்கள் உள்காதிலும் இருக்கவேண்டும். அவை அங்கே இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் பட்டுப்போகும். வெள்ளை உடம்பில் கரும்புள்ளி போட்ட டால்மேஷன் நாயிலும் இதே கதைதான். நான் வேலை பார்த்த மாட்டு ஆஸ்பத்திரிக்கு (எங்கள் பக்கத்தில் கால்நடை மருந்தகத்துக்கு அதுதான் பெயர்) 'திமிர் பிடிச்ச நாய், டாக்டரம்மா, எவ்வளவு அடிச்சாலும் படியல' என்று கூட்டி வருவார்கள். பார்த்தால் காது கேட்காது. வாங்கிய அடியெல்லாம் வீண்.

நூறு நாய் ஒரே சமயத்தில் குலைக்கும் காப்பகத்தில் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அவன் அசந்து தூங்கும்போது பக்கத்து அறையில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தரையைத் தட்ட வேண்டாம், அதிர்வு வயிற்றுக்குத் தெரிந்துவிடும். முகத்துக்குப் பக்கத்தில் கை தட்டவும் வேண்டாம், காற்று படும். குக்கர் விசில் அடிக்கும்போது காது மடல் அசைகிறதா என்று மாமியாரைப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டும் தப்பான பக்கம் திரும்புகிறான் என்றால் ஒரு காது மட்டும் போயிருக்கலாம். சந்தேகமாக இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். 1903-ல் ஆரம்பித்த இடம், இந்த மாதிரி நாய்களைத் தலைமுறையாகப் பார்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

காது கேட்காது என்று தெரிந்தால் மனம் விட்டுவிடாதீர்கள். பாதிப் புதிர் அவிழ்ந்துவிட்டது என்று வையுங்கள். அவன் உலகத்தில் கை என்பது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தலைக்கு மேலே முளைப்பது. சுவரோடு ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்வான்? தூங்கும்போது பின்பக்கமாகத் தொடவே கூடாது. எழுப்ப வேண்டுமென்றால் மூக்குக்கு முன்னால் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் காட்டுங்கள், வாசனையில் விழிப்பான். அறைக்குள் வருமுன் லைட்டை ஒருமுறை அணைத்துப் போடலாம். 'வா', 'உட்கார்', 'சபாஷ்' எல்லாவற்றுக்கும் கையாலேயே சைகை பழக்கலாம். காது கேட்கும் நாய்களும் நம் வாயைவிடக் கையைத்தான் அதிகம் கவனிக்கின்றன.

சரி, காது கேட்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். ராஜபாளையம், எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் லேப் (லேப்ரடார்) மாதிரி கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வைத்திருந்த நாய். ஊருக்கெல்லாம் வாலாட்டாது. வீட்டில் ஒருவரை இரண்டு பேரை எஜமானாக வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பொறுத்துக்கொள்ளும். 2005-ல் இதன் படம் போட்டுத் தபால்தலை வந்தது, 2020-ல் பிரதமர் வானொலிப் பேச்சில் நாட்டு நாய்களின் பெயரைச் சொன்னார். உடனே எல்லோருக்கும் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வேண்டியதாகிவிட்டது. அது அபார்ட்மென்ட் பால்கனிக்குள் அடங்காது என்று ஒரு வருடம் கழித்துத்தான் பலருக்குத் தெரிகிறது. உங்கள் பையன் அப்படி ஒரு பால்கனியிலிருந்து வந்தவனாகவும் இருக்கலாம்.

'காப்பகத்தில் சாந்தமாகத்தானே இருந்தது' என்று உங்கள் கணவர் சொல்வார். கூண்டின் பின்சுவரோடு அசையாமல் படுத்திருக்கும் நாயைப் பார்த்து எல்லோரும் 'என்ன சாது!' என்பார்கள். அது பெரும்பாலும் பயத்தில் உறைந்து கிடப்பது. காப்பகத்துக்கு வந்த முதல் சில நாள்களில் நாய்களுக்கு மன அழுத்த ஹார்மோன் எகிறிப்போயிருக்கும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அப்புறம் உங்கள் வீடு. மறுபடி புது வாசனை, புது முகங்கள், மிக்ஸி, மின்சார ரயில். இரண்டு வாரம் ஒரு காலமே இல்லை. மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் 'இது நம் வீடு' என்ற நினைப்பு என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு குத்துமதிப்புக் கணக்கு சொல்வார்கள். பெரிய கூச்ச நாய்களுக்கு மூன்று மாதமும் போதாமல் போகலாம்.

இப்போது என்ன செய்வது? கூடுமானவரை ஒன்றும் செய்யாமல் இருங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள், குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். அதே அறையின் ஒரு மூலையில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக, பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். அந்த மூலையிலிருந்து வெளியேற இரண்டு பக்கமும் வழி இருக்கட்டும். தட்டை முதலில் கட்டில் ஓரத்திலேயே வையுங்கள். பயமில்லாமல் சாப்பிட ஆரம்பித்ததும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

உங்கள் வீட்டில் இந்த வேலைக்கு ஏற்ற ஆள் மாமியார். ஒரே இடத்தில் உட்கார்ந்து, நாயைப் பார்க்காமல், பீன்ஸ் நார் உரித்துக்கொண்டு சீரியல் பார்க்கட்டும். பக்கத்துக் கிண்ணத்தில் அவித்த முட்டையோ கோழியோ சின்னத் துண்டுகளாக இருக்கட்டும். அவ்வப்போது ஒரு துண்டை அவனுக்குப் பின்பக்கமாக விழும்படி போடவேண்டும். இது முக்கியம். முன்னால் போட்டால் ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம் இழுக்க அவன் மாட்டிக்கொள்வான். பின்னால் போட்டால் விலகிப் போவதற்கே சம்பளம் கிடைக்கிறது, அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகத் துணிவான். கையில் வைத்து 'வா வா' என்று நீட்டுவது வேண்டாம். கழுத்தை மட்டும் நீட்டிப் பிடுங்கிக்கொண்டு, பின்னங்கால்கள் ஓடத் தயாராக நிற்பான். அது நம்பிக்கை ஆகாது.

அவன் உடம்பைப் படிக்கப் பழகுங்கள். தூக்கமில்லாத நேரத்துக் கொட்டாவி, சாப்பாடு இல்லாதபோது மூக்கை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பது (கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரியும்), வால் வயிற்றோடு ஒட்டுவது, ஒரு முன்னங்கால் மட்டும் தூக்கி நிற்பது: எல்லாம் 'போதும், தள்ளிப் போ' என்று சொல்வதுதான். இதையெல்லாம் யாரும் கவனிக்காதபோதுதான் உறுமல் வருகிறது. அதற்குத் திட்டாதீர்கள். உறுமினால் அடி விழும் என்று தெரிந்துகொண்ட நாய் அடுத்த முறை உறுமாது, நேராகக் கடிக்கும். உங்கள் மகளிடம் உறுமிவிட்டுச் சும்மா இருந்தானே, அதை நான் நல்ல குணம் என்பேன்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நாயிடமிருந்து எட்டடி தள்ளி, அவனுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, பள்ளிப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். வெளிநாட்டுக் காப்பகங்களில் இதற்கென்றே பிள்ளைகளை வரவழைக்கிறார்கள். காது கேட்காத நாயாக இருந்தாலும் மனித வாசனையும் அசையாத உடம்பும் பழகும். பாடமும் முடியும். கட்டிப்பிடிப்பது, தலைக்கு மேலே கை கொண்டுபோவது, சாப்பிடும்போது பக்கத்தில் போவது மூன்றும் கூடாது. பெரியவர்கள் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் விடவும் கூடாது.

ஒரு நாள் நீங்கள் சிங்க்கில் பாத்திரம் கழுவும்போது முழங்காலுக்குப் பின்னால் ஈரமாக ஏதோ படும். திரும்பாதீர்கள், கொஞ்சாதீர்கள். கழுவிக்கொண்டே இருங்கள். மோந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

வெளியே கூட்டிப் போவதில்தான் எனக்குப் பயம். வேட்டை நாய்களுக்குத் தலை சின்னது, கழுத்து தடிமன். சாதாரண பெல்ட்டைப் பின்னோக்கி ஒரு இழுப்பில் உருவிவிட்டு ஓடும். குரோம்பேட்டையில் ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, இன்னொரு பக்கம் தண்டவாளம். உடம்போடு மாட்டும் ஹார்னஸ் ஒன்று, இழுத்தால் இறுகும் பெல்ட் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. சில மாதங்களுக்கு இது இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. கேட்டைத் திறக்குமுன் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பது கூரியர் தம்பியிலிருந்து வேலைக்கு வரும் அக்கா வரை எல்லோருக்கும் பழக்கமாகட்டும்.

இன்னொன்று, ரத்தப் பரிசோதனை. மூலையில் சுருண்டு கிடப்பதெல்லாம் கூச்சம் இல்லை. சென்னையில் உண்ணிக் காய்ச்சல் எந்த மாதமும் உண்டு. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்து ஈறு வெளுத்திருந்தால் காத்திருக்காதீர்கள். ராஜபாளையம் மூக்கே ரோஸ் என்பதால் மூக்கை வைத்துச் சொல்ல முடியாது, ஈறைத்தான் பார்க்கவேண்டும். மருந்து இருக்கிறது, நாலு வாரம் விடாமல் கொடுக்கவேண்டும். எப்போதாவது ஆபரேஷன் என்று வந்தால், கொழுப்பே இல்லாத வேட்டை நாய் உடம்பு என்பதை மயக்க மருந்து கொடுப்பவருக்கு நினைவுபடுத்துங்கள். சில பழைய மயக்க மருந்துகள் இந்த உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்காது.

உங்கள் கணவரிடம் பொங்கல் வரை தவணை கேளுங்கள்.

கேள்வி: குட்டி போடவைத்து விற்கும் ஒருவர் வேண்டாம் என்று விட்டுவிட்ட கிரேட் டேன் பெண் நாயைக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறோம். ஐந்து வயது, 48 கிலோ. தோட்டத்தில் இருக்கிறாள், ஆனால் வீட்டு வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். இழுத்தால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். தூக்க முடியவில்லை. தடுப்பூசிக்கு எப்படிக் கூட்டிப் போவது?
– வாசகர், சிங்காநல்லூர், கோவை

பதில்: தம்பி, அவள் முழங்கையைப் பாருங்கள். ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்துக் காய்த்துப் போயிருக்கும். வருஷக்கணக்காக சிமென்ட் தரையில் படுத்தவள் என்று அர்த்தம். கோரைப்பல்லின் பின்பக்கம் தேய்ந்திருந்தால் கூண்டுக் கம்பியைக் கடித்தே பொழுதைப் போக்கியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் வீடு என்று ஒன்றைப் பார்த்ததே கிடையாது. குட்டிப் பருவத்தில், மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை, எதைப் பார்க்கிறதோ அதுதான் நாய்க்கு 'உலகம்'. அந்தக் காலத்தில் மாடிப்படியும் மின்விசிறியும் கண்ணாடிக் கதவும் பார்க்காதவளுக்கு உங்கள் ஹால் ஒரு குகை.

அதிலும் உங்கள் வீட்டில் பளபளவென்று டைல்ஸ் போட்டிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். 48 கிலோ உடம்பு ஒருமுறை சறுக்கி நாலு காலும் நாலு திசையில் விரிந்தால் அந்த வாசற்படி அவளுக்கு ஜென்மப் பகை. கோணிச் சாக்கோ ரப்பர் பாயோ வாசலிலிருந்து அவள் படுக்கப் போகும் இடம் வரை பாதை மாதிரி விரித்துப் போடுங்கள். இடைவெளி கூடாது, ஒரு டைல் தெரிந்தாலும் அங்கேயே நின்றுவிடுவாள். நகம் வளர்ந்து வளைந்திருந்தால் வெட்டவேண்டும், நீண்ட நகம் தரையில் பிடிப்பே தராது. கதவைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய் உங்கள் வேலையைப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டு இன்றைக்கு வாசலுக்கு வெளியே, அப்புறம் படியில், அப்புறம் உள்ளே. இழுக்கவே இழுக்காதீர்கள். சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பதால் அதன் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. இவளிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும், வேறு வழி இல்லை.

தடுப்பூசிக்கு இப்போதைக்கு டாக்டரை வீட்டுக்கு வரவழையுங்கள். பரிசோதனை மேஜை எல்லாம் வேண்டாம், தோட்டத்தில் அவள் நிற்கும் இடத்திலேயே, பக்கவாட்டில் மண்டியிட்டுப் போடலாம். மாட்டுக்கு ஊசி போட்ட டாக்டர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தள்ளிப் போடக் கூடாது. மழைக்காலத்துக்குள் எலிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். கூடை மாதிரியான வாய்க்கவசம் ஒன்று வாங்கி, உள்ளே கெட்டித் தயிர் தடவி, அவளாகவே மூக்கை நுழைத்து நக்க விடுங்கள். வார் மாட்டுவது பத்துப் பதினைந்து நாள் கழித்து. கடிக்கிற நாய்க்குத்தான் வாய்க்கவசம் என்று நினைக்க வேண்டாம். எலும்பு முறிந்து வலியில் துடிக்கும்போது எந்த நாயும் கடிக்கும். அன்றைக்குப் புதிதாக மாட்ட முடியாது.

கடைசியாக ஒன்று, இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். கிரேட் டேன் மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு காற்றால் ஊதி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வராமல் வெறும் எச்சில் ஒழுகும். வயிறு மத்தளம் மாதிரி இறுகும். படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்கும். 'காலையில் பார்க்கலாம்' என்றால் காலையில் நாய் இருக்காது. உடனே ஆபரேஷன் செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டும். அது எங்கே இருக்கிறது, ராத்திரி திறந்திருக்குமா என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். தினசரிச் சாப்பாட்டை ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள்.

கேள்வி: தென்னந்தோப்புக் காவலுக்குப் பெரிய நாய் தேவை. காப்பகத்தில் ஒரு நாய் பார்த்தேன், ஆளைக் கண்டால் பயப்படுகிறது. கட்டிப்போட்டு வைத்தால் கொஞ்ச நாளில் முரட்டுத்தனம் வந்துவிடுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: வரும். தேங்காய் பறிக்க வரும் ஆளைக் கடிக்கும், திருடனைக் கண்டால் தென்னைக்குப் பின்னால் ஒளியும். வேண்டாம். வேலி போடுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் 'பெரிய நாய் வளர்க்கக் கூடாது, லிப்ட்டில் ஏற்றக் கூடாது' என்று பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். காப்பகத்திலிருந்து எடுத்த எங்கள் லேப் ரொம்பவும் பயந்த சுபாவம். நாலாவது மாடி.
– வாசகி, வேளச்சேரி

பதில்: இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை அச்செடுத்துச் செயலாளரிடம் கொடுங்கள். பெரும்பான்மையாகவே தீர்மானம் போட்டாலும் செல்லப் பிராணியைத் தடை செய்ய முடியாது, லிப்ட்டை மறுக்க முடியாது, அதற்குத் தனிக் கட்டணமும் வாங்க முடியாது என்று அதில் இருக்கிறது. நாய் சின்னதா பெரியதா என்று பார்த்து ஓரவஞ்சனை செய்யவும் இடமில்லை. கையோடு மாநகராட்சி உரிமத்தையும் காட்டுங்கள். சென்னையில் அது கட்டாயம், தடுப்பூசிச் சான்று இருந்தால்தான் கிடைக்கும்.

சட்டம் உங்கள் பக்கம் என்பதற்காக லிப்ட்டில் நாலு பேருக்கு நடுவில் அவளைத் திணிக்காதீர்கள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவளால் விலகிப் போக முடியாது. கூட்டமாக இருந்தால் அடுத்த லிப்ட்டுக்கு நில்லுங்கள். விடிகாலையும் இரவு ஒன்பதுக்கு மேலும் உங்கள் நேரம். மலத்தை அள்ளப் பையுடன் போகிறீர்கள் என்பது கண்ணில் பட்டாலே சங்கத்தில் பாதிக் குரல் அடங்கிவிடும். என் அனுபவத்தில் இந்தச் சண்டைகள் நாயைப் பற்றியவை அல்ல. கார் நிறுத்துமிடத்தில் ஆரம்பித்த கோபம் நாய் வழியாக வெளியே வரும்.

கேள்வி: நாங்கள் இருப்பது சிவகாசிக்குப் பக்கம். தெரு முழுக்க வெடிதான். காப்பகத்திலிருந்து வந்த எங்கள் பெரிய நாய் மேளச் சத்தத்துக்கே சிறுநீர் கழித்துவிடுகிறது. தீபாவளியை எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், திருத்தங்கல்

பதில்: அரசு கொடுத்திருக்கும் நேரம் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. உங்கள் ஊரில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள் என்று எனக்கும் தெரியும்! அதனால் முதல் நாளிலிருந்தே தயாராகுங்கள். விடியுமுன் நடைக்குக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். ஜன்னல் குறைந்த உள்ளறையில் படுக்கை, ஜன்னலுக்குக் கனமான போர்வை, மின்விசிறி முழு வேகத்தில், டிவி சத்தமாக. உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். பயந்தபோது ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது வெறும் பேச்சு. வராமல் மூலையில் கிடந்தால் அங்கேயே விடுங்கள்.

இவ்வளவு பயம் இருக்கும் நாய்க்கு மாத்திரை தேவைப்படும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை வேறு, உடம்பை மட்டும் கட்டிப்போடும் மாத்திரை வேறு. இரண்டாவது வகையான அசெப்ரோமசின் மட்டும் கொடுத்தால் நாய் அசையாமல் கிடக்கும், நமக்கு நிம்மதியாக இருக்கும். உள்ளே அது அத்தனை வெடியையும் கேட்டுக்கொண்டிருக்கும். டாக்டரிடம் இந்த வித்தியாசத்தை வாய்விட்டுக் கேளுங்கள். அவர் எழுதிக் கொடுப்பதைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே, வெடி இல்லாத நாளில், ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். எடைக்கு ஏற்ற அளவு பெரிய நாய்களில் ஒன்றுக்கொன்று மாறும். பெல்ட்டில் உங்கள் போன் நம்பர் எழுதியிருக்கட்டும். தீபாவளி இரவில் தொலைந்துபோகும் நாய்கள் ஏராளம்.

கேள்வி: ஆறு மாதமாகப் போராடுகிறோம். காப்பகத்திலிருந்து எடுத்த பெரிய நாய் என்னிடம் மட்டும் பழகுகிறது, வயதான அப்பாவைக் கண்டால் பாய்கிறது. இரண்டு முறை வேட்டியைக் கவ்விவிட்டது. டாக்டரும் பயிற்சியாளரும் பார்த்தாகிவிட்டது. திருப்பிக் கொடுப்பது பாவமா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: பாவம் இல்லை. அப்பாவுக்குக் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த நாயின் கதி இதைவிட மோசமாக இருக்கும். செய்யவேண்டியதைச் செய்து பார்த்திருக்கிறீர்கள். கைத்தடியோடு தள்ளாடி நடக்கும் வயதானவரைச் சில நாய்களால் கடைசிவரை புரிந்துகொள்ள முடிவதில்லை. கைத்தடியால் அடி வாங்கிய நாயாகவும் இருக்கலாம்.

எடுத்த காப்பகத்துக்கே முதலில் போன் செய்யுங்கள். பெரும்பாலான காப்பகங்கள் தத்துப் பத்திரத்திலேயே 'வேண்டாம் என்றால் எங்களிடமே தரவேண்டும்' என்று எழுதி வாங்கியிருப்பார்கள். இடம் இல்லை, கொஞ்ச நாள் பொறுங்கள் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவரை அப்பா இருக்கும் பக்கமும் நாய் இருக்கும் பக்கமும் நடுவில் கதவு இருக்கட்டும். 'நல்ல இடம் இருக்கிறது' என்று வரும் தெரியாத ஆளிடம் கொடுக்காதீர்கள். பொள்ளாச்சிக்காரர் கேள்வியைப் பார்த்தீர்கள் அல்லவா?

தெருவில் இறக்கிவிட்டுப் போவது மட்டும் நினைத்தே பார்க்கக் கூடாது. நீங்கள் செய்ய மாட்டீர்கள், செய்பவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்று சொல்கிறேன். வளர்த்த பிராணியைப் பசி தாகத்தில் தவிக்கும்படி கைவிடுவது விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து கிளம்பி 1960-ல் நிறைவேறிய சட்டம் அது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஆமாம், ஐம்பது ரூபாய். அறுபது வருஷத்துக்கு முன் பெரிய தொகை, இன்றைக்கு இரண்டு பேர் காபி குடிக்கப் போதாது.

ஒப்படைக்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். என்ன சாப்பிடும், எந்த ஊசி எப்போது போட்டது, கருத்தடை ஆயிற்றா, எந்தச் சத்தத்துக்குப் பயம், காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்குமா, ஆண்களிடம் எப்படி, பெண்களிடம் எப்படி, குழந்தைகளிடம் எப்படி. அப்பாவைப் பார்த்துப் பாய்ந்ததை மறைக்காமல், எந்த அறையில், எவ்வளவு தூரத்தில், கையில் தடி இருந்ததா என்பது வரை எழுதுங்கள். நாய் மோசமாகத் தெரியுமே என்று நினைத்து அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வயதானவர் இல்லாத வீட்டுக்கு அதை அனுப்பவேண்டும் என்று காப்பகத்துக்கு வேறு எப்படித் தெரியும்? ஆறு மாதமாக அது படுத்த போர்வையையும் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புங்கள்.